ஃபிரிட்ஜுக்குள் மார்கழி

கோவில்பட்டி வெயிலில் ஸ்ட்ராபெரி பூக்காது. நாற்பது நாள் குளிரில் தூங்கி எழுந்தால்தான் அதற்குப் பூக்கவே தோன்றும். அதனால் செண்பகவல்லி செடியைத் தொட்டியோடு ஃபிரிட்ஜில், மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் தூங்க வைத்தாள். கணவன் சங்கரபாண்டி தண்ணீர் எடுக்கத் திறந்தால்கூட, "மூடுங்க, மார்கழி வெளிய போகுது!" என்று கத்துவாள். "செடிக்குப் போர்வை வேண்டாமா?" என்பான் அவன். முப்பத்தெட்டாம் நாள் காலையில் கரண்ட் போனது, சாயங்காலம்வரை வராதாம். இன்னும் இரண்டே நாள், இப்போது சூடு பட்டால் தூக்கம் கலைந்துவிடுமே என்று அவள் தவிக்க, அவன் சட்டைகூடப் போடாமல் வெளியே ஓடினான். திரும்பி வந்தபோது, துண்டில் சுற்றிய பெரிய ஐஸ்கட்டி அவன் நெஞ்சில் சொட்டிக்கொண்டிருந்தது. "மீன் கடையில வாங்குனேன், கொஞ்சம் வாடையடிக்கும்" என்றான் மூச்சிரைக்க. "செடிக்கு மூக்கு கிடையாதுல்ல?"