நீல மூடி

கார் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போனது.

அவள் முன்சீட்டை ஓங்கி அறைந்தாள்.

"திருப்பு."

"அங்கயாங்க?"

டிரைவர் பிரேக்கில் கால் வைத்தான். ஆனால் திருப்பவில்லை. கண்ணாடியில் பார்த்தான். அவளை அல்ல, அவள் தோளில் சாய்ந்து கிடந்த முதலாளியை.

அவள் கணவரின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நெஞ்சைப் பிசைந்துகொண்டிருந்தது.

"கோயமுத்தூரு போ," என்றார்.

கோயமுத்தூருக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர்.

டிரைவரைக் குற்றம் சொல்ல முடியாது. பதினோரு வருடமாக இந்தக் காருக்கு அதுதான் பழக்கம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கோயமுத்தூர். பல்வலி என்றாலும் கோயமுத்தூர். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்த ஆஸ்பத்திரியைத் தலையைக்கூடத் திருப்பாமல் கடந்து போக வேண்டும்.

இதன் பெயர் வேம்பங்காட்டார் மருத்துவமனை.

அவள் கணவரும் வேம்பங்காட்டார்தான்.

ஊரே வேம்பங்காட்டார்தான். வேம்பங்காட்டார் பஸ், வேம்பங்காட்டார் மில், வேம்பங்காட்டார் பெட்ரோல் பங்க், வேம்பங்காட்டார் திருமண மண்டபம். கண்டக்டர் கூவும் பஸ் நிறுத்தத்துக்கும் அதே பெயர். புதிதாக வருகிறவனுக்கு எல்லாம் ஒரே வீட்டுச் சொத்து. ஊர்க்காரன் பலகையின் நிறத்தைப் பார்ப்பான். சிவப்பு என்றால் அண்ணனுடையது. நீலம் என்றால் தம்பியுடையது, அவள் கணவருடையது.

ஆஸ்பத்திரி சிவப்பு.

அப்பாவின் கருமாதி முடிந்த அன்று, அதே பந்தலில் உட்கார்ந்து பாகம் பிரித்தார்கள். பேச்சு முற்றியது. இனிமேல் உன் வீட்டுப் பச்சைத் தண்ணிகூட என் தொண்டையில் இறங்காது என்று அண்ணன் முதலில் சொன்னார். தம்பி அதையே திருப்பிச் சொன்னார். சொன்ன சொல்லை இருவரும் காப்பாற்றினார்கள். ஒருவர் பந்தியில் உட்கார்ந்தால் மற்றவர் எழுந்து போனார். வேம்பங்காட்டார் ரோஷம் என்று ஊர் பெருமையாகப் பேசியது. அவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

பெயரை மட்டும் இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை.

"திருப்பறயா, இல்ல எறங்கி நானே தூக்கீட்டு நடக்கட்டுமா?"

டிரைவர் திருப்பினான்.

படுக்கை விரிப்பில் சிவப்பு நூலில் பெயர் தைத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவர் எழப் பார்த்தார். முடியவில்லை.

டாக்டர் சின்ன வயது. வெளியூர். ஈசிஜி தாளைப் பார்த்ததும் அவர் நடை ஓட்டமானது. நான்கு மாத்திரைகளைக் கணவரின் வாயில் போட்டார். நர்ஸ் டம்ளரை நீட்டினாள்.

அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"முழுங்குங்க சார். நேரமில்ல."

டாக்டருக்குப் புரியவில்லை. நர்ஸ் உள்ளூர்க்காரி. அவளுக்குப் புரிந்தது.

அவள் நர்ஸின் கையிலிருந்து டம்ளரைப் பிடுங்கி அவர் உதட்டில் வைத்தாள். தண்ணீர் உள்ளே போகவில்லை. கழுத்தில் வழிந்து விரிப்பை நனைத்தது.

மானிட்டரில் கோடு தாறுமாறாக ஓடியது.

அவளுக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது. காலைப் பிடித்து அழலாம் போலவும் இருந்தது.

"நான் வேணுங்களா, இந்த வீம்பு வேணுங்களா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திரை விலகியது.

அண்ணன்.

யாரோ சொல்லி ஓடி வந்திருக்க வேண்டும். காலில் செருப்பு இல்லை. தலை முழுக்க வெளுத்திருந்தது. இத்தனை பக்கத்தில் பார்த்துப் பதினோரு வருடம் ஆகிறது.

தம்பியின் மூடிய வாயைப் பார்த்தார். நனைந்த கழுத்தைப் பார்த்தார். அவள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார்.

திரும்பிப் போய்விட்டார்.

இவ்வளவுதானா இந்த ரத்தம்?

எதிரே அண்ணனின் அறைக்கதவு திறந்தது. மேசை இழுப்பறை ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. ஏதோ சரிந்து விழுந்தது.

மறுபடி திரை விலகியபோது அவர் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது.

வேம்பங்காட்டார் மினரல் வாட்டர். நீல எழுத்து. நீல மூடி.

மண்டபத்துக்குப் பின்னால் தம்பி நடத்தும் கம்பெனி.

அண்ணன் குனிந்தார். பாட்டிலைத் தம்பியின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"குடி சாமி. உன்ர தண்ணிதான்."

தம்பி கண்ணைத் திறந்தார். நீல எழுத்தைப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வாய் திறந்தது.

அவள் அவசரமாக மூடியைக் கழற்றி ஊற்றினாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. இன்னொரு முறை.

"போச்சு, உள்ள போயிருச்சு," என்றாள் நர்ஸ், அழுகிற குரலில்.

கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கண்ணாடிக் கதவு மூடிக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

வராந்தாவில் அவளும் கணவரின் அண்ணனும் மட்டும் நின்றார்கள். பாட்டில் அவள் கையிலேயே இருந்தது. மூடியைப் போடப் போனவள் நின்றாள்.

அவள் கணவர் குடித்தது இரண்டே வாய்.

பாட்டிலில் கால்வாசிதான் மிச்சம் இருந்தது.