அம்மாவின் பெட்டியில் ஓர் இடம்

"பெட்டிய மட்டும் ஒரு சாண் நீளமா செய்யச் சொல்லணும் சாமி. என் காலாண்ட இது உக்காரணும்."

சவேரியம்மாள் மடியிலிருந்த எவர்சில்வர் டப்பாவைத் தட்டிக் காட்டினாள்.

நாளை கல்லறைத் திருநாள். சேக்காடு கோயில் அலுவலக வாசலில் பெண்கள் செவ்வந்தி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஃபாதர் சிரித்தார். "நல்லாத்தானே நடமாடுறீங்க? தச்சருக்கு இப்பவே அட்வான்ஸ் குடுத்துடலாமா?"

"செத்தப்புறம் நானா வந்து அளவு சொல்வேன்?"

மகள் ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவை இங்கே அழைத்து வந்ததே அவள்தான். கொரோனாவில் போன தம்பி கிளமென்டை முகம்கூடக் காட்டாமல் பையில் சுற்றி எரித்துவிட்டார்கள். பிறகு கொடுத்த அஸ்தியை அம்மா புதைக்க விடவில்லை. மாதா படத்துக்குக் கீழே வைத்துக்கொண்டாள். தினமும் மெழுகுவத்தி ஏற்றி, அதனோடு மெல்லிய குரலில் பேசுவாள். பக்கத்து அறையில் படுத்திருக்கும் மகளிடம் அவ்வளவு பேசியதில்லை.

"எரிச்சது பாவம் இல்லன்னு நீங்களாவது சொல்லுங்க ஃபாதர். அந்த பயத்துலதான் அம்மா இத வச்சிக்கினு கீது."

"பாவமே இல்லம்மா. திருச்சபை அனுமதிக்குது. ஆனா அஸ்திய வீட்ல வச்சிக்கக் கூடாது, தண்ணியில கரைக்கக் கூடாது. மந்திரிச்ச மண்ணுல புதைக்கணும். நீங்க சாகுற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நாளைக்கே இடம் தர்றேன். கல்லுல கிளமென்ட் பேரப் போட்டுடலாம்."

"பேரு வேணாம் சாமி."

"ஏம்மா?"

"கல்லும் வேணாம். சிலுவை வெக்கலாமா கூடாதான்னே எனக்குத் தெரியல. என் பெட்டிக்குள்ளன்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க இல்ல?"

ஜெசிந்தாவுக்குள் வெகுநாளாக அடங்கியிருந்தது வெடித்துக்கொண்டு வந்தது. "குழிக்குள்ளயும் அவனக் கூட்டிகினு போகணும் ஒனக்கு! உயிரோட பக்கத்துல கீறனே, நான் யாரும்மா?"

அம்மா கோபப்படவில்லை. மகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். டப்பாவை மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள்.

"நீயே பாருடி."

இத்தனை வருடத்தில் ஜெசிந்தா அதைத் திறந்ததில்லை. தம்பியை அப்படிப் பார்க்க முடியாது என்று நினைத்திருந்தாள். இப்போது குனிந்தாள்.

வெளுத்த சாம்பலின் மேல், நெருப்பில் கறுத்துப்போன ஒரு மெட்டி கிடந்தது.

"அம்மா... இது..."

"வாங்கினு வந்த அன்னிக்கே பாத்துட்டேன். சுடுகாட்டுக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். யாருதுன்னு தெரியாது, வச்சிட்டுப் போன்னான். யார் பெத்த பொண்ணோ, எப்டி உட்டுட்டு வர்றது?"

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"தம்பி ஊட்டுக்கு வந்துட்டான்னு நீ அன்னிக்குத்தான் கண்ண மூடித் தூங்கின."

ஃபாதர் தம்மை அறியாமல் எழுந்து நின்றிருந்தார்.

சவேரியம்மாள் டப்பாவை மெல்ல மூடி மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கிளமென்டயும் யார் ஊட்டுக்கோ எடுத்துகினு போயிருப்பாங்க சாமி. அங்க அவனுக்கு ஒரு வெளக்கு ஏத்தியிருப்பாங்கன்ற நம்பிக்கையிலதான், நான் இவளுக்குத் தெனம் மெழுகுவத்தி ஏத்துறேன்."