கண் இல்லாத புனிதர்கள்

பெப்ரவரி 4, செவ்வாய்.

போன வார வகுப்புக் குறிப்பில் ஒரு பிழை விட்டிருக்கிறேன். பக்கம் பதினொன்று, மூன்றாம் வரி.

வகுப்புத் திரையில், பாறையைக் குடைந்து செய்த ஒரு பழைய பைசாந்தியத் தேவாலயம். சுவரில் புனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். தலைக்குப் பின்னால் பொன் வளையம், நீல அங்கி, உயர்த்திய கை. கண்கள் மட்டும் இல்லை. அந்த இடத்தில் வெறும் சுண்ணாம்பு.

நான் எழுதியது: கண் இன்னும் இல்லை.

எங்கள் கோயில்களில் சிற்பி கண்ணைக் கடைசியில்தான் திறப்பார். அங்கும் அப்படித்தான் என்று யாரையும் கேட்காமல் எழுதிவிட்டேன்.

ஓவிய வரலாறு சொல்லித்தரும் இந்த மாலை வகுப்பில் பெயர் பதிந்தது அப்பா. ஒஸ்லோவில் ஓர் அருங்காட்சியகத்தில் இருபத்திரண்டு வருடம் துப்புரவு வேலை செய்தவர். “இவ்வளவு காலமும் தரையைத்தான் பாத்தனான். இனிச் சுவரைப் பாப்பம்” என்றார்.

ஓய்வு பெற்ற நான்காம் மாதம் இரண்டு கண்ணிலும் பார்வை போனது. நவம்பரில் சத்திரசிகிச்சை. பார்வை திரும்பும்வரை அவருடைய கதிரையில் நான் இருப்பதாக ஏற்பாடு. புருசெத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் குறிப்பை வாசித்துக் காட்டுவேன்.

அந்த வரியைக் கேட்டு அப்பா சிரித்தார். “அப்ப ஆசாரி இன்னும் வந்து சேரேல்லை. பனிக்கு ரயில் பிந்தியிருக்கும்.”

இன்று ஆசிரியை அதே சுவரைத் திரும்பக் காட்டினார். கண்கள் இருந்தனவாம். பல நூறு வருடம் பார்த்துக்கொண்டு இருந்தனவாம். பிறகு யாரோ சுரண்டிவிட்டார்கள். உருவங்களை வெறுத்தவர்கள் என்கிறார்கள். கண்நோய்க்கு மருந்தாக அந்தத் தூளைக் கரைத்துக் குடித்தார்கள் என்றும் சொல்கிறார்கள்.

வகுப்பிலேயே வரியைத் திருத்தினேன்: கண் இனி இல்லை.

வீட்டில், நான் சப்பாத்தைக் கழற்றுமுன்பே அப்பா கேட்டார்.

“என்ன பிள்ளை, ஆசாரி வந்திட்டானோ?”

“இன்னும் இல்லையப்பா.”

‘இன்னும்’ என்ற இந்தச் சொல்லை நான் பிழையாகச் சொல்வது இது முதல் தடவை அல்ல. போன மாதம் கண் மருத்துவர் நோர்வே மொழியில் ஒரே வசனத்தில் முடித்தார்: பார்வை இனித் திரும்பாது. அப்பா வழக்கம்போல என் பக்கம் முகத்தைத் திருப்பினார். இன்னும் திரும்பவில்லையாம் என்று தமிழில் சொன்னேன்.

அது தெரியாமல் விட்ட பிழை அல்ல.

இன்றைய என் பதிலைக் கேட்டதும் அப்பா மேசையில் தடவி என் கையைப் பிடித்தார்.

“இருவத்திரண்டு வருசம் இந்த ஊரிலை வேலை செய்தனான், பிள்ளை. டொக்டர் சொன்னது எனக்கு விளங்காதே? வகுப்பிலை உன்ர பேரைப் போடு.”

நாளை, புதன்: காலை எட்டரைக்கு வகுப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுப்பது. பாலேந்திரன் என்ற அப்பாவின் பெயரை நீக்கச் சொல்வது.