வண்டிக்கு ஒரு மாதம்

சாஃப்ட்வேர் அப்டேட் போட்ட மறுநாளிலிருந்து முதலாளியின் ஹைப்ரிட் பிக்கப் வண்டி, பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு மாறும்போதெல்லாம் வெட்டி இழுத்தது. "உன் கால்ல பதம் போயிருச்சு" என்று, பதினோரு வருடமாக வண்டி ஓட்டும் செவத்தியானை வேலையைவிட்டு நிற்கச் சொன்னார் முதலாளி.

சர்வீஸ் சென்டரில் வேறு காரணம் சொன்னார்கள். "அவர் மேல தப்பில்ல சார். அப்டேட்ல வண்டி அவர் கால் பழக்கத்தை மறந்துருச்சு. ஒரு மாசம் அவரே ஓட்டினா மறுபடி கத்துக்கும்."

முதலாளி பானட்டைத் தட்டிக்கொடுத்தார். "புது ஆளுக்குச் சொல்லியாச்சு செவத்தியான். அடுத்த மாசந்தான் வர்றான். அதுவரைக்கும் நீ ஓட்டிப் பழக்கிக் குடுத்துட்டுப் போ."

திரும்பும் வழியில், மேட்டில் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்து வண்டியின் பழக்கத்தைக் கெடுத்துவிடத்தான் நினைத்தார் செவத்தியான். கால் எப்போதும்போலப் பதமாகவே இறங்கியது. வேறு மாதிரி மிதிக்க அதற்குத் தெரியவில்லை.