குதிகால் கியர்

மெக்கானிக் பட்டறையின் தகரக் கூரை ஓட்டை வழியே விழும் வெயில் பைக்கின் கியர் லீவரில் மினுங்குகிறது. மட்கார்டில் கரிசல் மண் காய்ந்து ஒட்டியிருக்கிறது. யோகலட்சுமியின் இடது கால்விரலில் பிளாஸ்திரி. கியர் மாற்ற லீவரைக் கால்விரலால் மேலே தூக்கும்போதெல்லாம் மெட்டி விரலை அறுக்கிறது. “மெட்டியக் கழத்திட்டு ஓட்டலாம்லா?” என்கிறான் கணவன் கோகுலகிருஷ்ணன். அவள் மெக்கானிக்கிடம், “லீவர மாத்துங்க அண்ணாச்சி” என்கிறாள். அவர் அவள் செருப்பை வாங்கி அளவெடுக்கிறார். லீவரைக் கழற்றி, குதிகாலால் மிதிக்கப் பின்பக்கமும் ஒரு மிதியைப் பற்றவைத்து, இரண்டுக்கும் சிவப்பு ரப்பர் மாட்டி, வண்டியில் திரும்பப் பூட்டித் துடைக்கிறார். பளிச்சென்று இருக்கிறது. கோகுலகிருஷ்ணன் காலை வைத்துப் பார்க்கிறான். அவள் அளவுக்கு வைத்த இரண்டு மிதிகளுக்கும் நடுவில் அவனுடைய பெரிய பாதம் நுழையவில்லை. “ஏட்டி, இனி நான் எப்படி ஓட்ட?” அவள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகுகிறாள். “பின்னால ஏறுங்க.”