டீச்சருக்கு என்ன லாபம்?

மாணவர்கள் நாளை என்ன சம்பாதிப்பார்கள் என்று வங்கி கணித்து, ஆசிரியரின் பி.எட். படிப்புக் கடனைக் குறைக்கவோ கூட்டவோ செய்யும் காலம் அது. அதனால் ஜெபமணி டீச்சர் வீடு தேடி வந்து மகளைப் புகழ்ந்தாலே செண்பகவல்லிக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"கணக்குல புலிம்மா உங்க பொண்ணு. இன்ஜினியரிங் சேருங்க."

"ஆமா, உங்க கடன் அடையணும்ல?"

காப்பி கொண்டுவந்த மகள் குறுக்கிட்டாள். "நான் உங்கள மாதிரி டீச்சருக்குத்தான் மிஸ் படிக்கப்போறேன்."

கடன் கணக்கைக் காட்டும் டீச்சரின் கைக்கடிகாரம் சிவந்து அலறியது. கடன் ஏறிவிட்டது. அதைக் கழற்றிப் பைக்குள் போட்ட டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நல்லா வருவ தாயி. தினமும் வா, நானே சொல்லித்தாரேன்."

டீச்சர் தெரு முனை திரும்பியதும் செண்பகவல்லி கதவைத் தாழிட்டாள்.

"இதுல அந்தம்மாவுக்குப் பெருசா ஏதோ லாபம் இருக்குடி. இல்லாட்டி இம்புட்டு சந்தோஷப்படுமா?"