வலது தோளின் அளவு

"முப்பத்தெட்டு வருஷமா பஸ்ல இவர் தலையைத் தோள்ல சுமந்தாச்சு தம்பி. இனிமே என்னால ஆகாது. ஒரு தலையணை தைச்சுக் குடுங்க, அது பார்த்துக்கட்டும்."

அந்த அம்மாள் சொன்ன வேகத்தைக் கேட்டு, பக்கத்தில் நின்ற கணவர் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். ரிட்டயரான கணக்கு வாத்தியார். வீட்டில் பேச்சு எப்போதும் அந்த அம்மாளுடையதுதான் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

பயணத் தலையணை தைப்பவரை எல்லோரும் 'பஞ்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெயரில்தான் பஞ்சு, வேலையில் ஆள் படு கறார். கடையில் தொங்குகிற வளையத் தலையணைகளைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"பின்னால தடியா இருந்து தலையை முன்னால தள்ளும். தாடை தொங்கிடும். அது தலையணையா? கழுத்துக்குத் தண்டனை!" என்பார்.

முழித்திருக்கிற கழுத்து பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. அதனால் பட்டறையில் ஒரு பழைய பஸ் சீட்டைப் போட்டு வைத்திருந்தார். வருகிறவர் அதில் உட்கார்ந்து தூங்கிய பிறகுதான் டேப்பைக் கையில் எடுப்பார்.

வாத்தியார் சீட்டில் உட்கார்ந்தார். மனைவியையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கண் மூடியது, தலை மெல்ல இடது பக்கம் சரிந்து அந்த அம்மாளின் வலது தோளில் சாய்ந்தது.

"அடேங்கப்பா! சில பேர் இங்க அரை நாள் கொட்டாவி விட்டுட்டு, தூக்கம் வராம எழுந்து போவாங்க. சார் குடுத்து வச்சவர்."

"என் தோள் கிடைச்சா போதும். பஸ்ஸே கவுந்தாலும் இவருக்குத் தெரியாது."

"சரிம்மா, நீங்க கொஞ்சம் நகருங்க. தலை தானா எங்க விழுதுன்னு பார்க்கணும்."

அவள் நகரவில்லை. கணவரின் முகத்தை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவர் அளவு வேண்டாம் தம்பி. என் தோளை அளந்துக்குங்க. சீட்லேருந்து எவ்வளவு உசரம், எவ்வளவு சரிவு, எல்லாத்தையும். தலையணை இதே மாதிரி இருக்கணும்."

"நீங்கதான் எப்பவும் கூடவே போறீங்களேம்மா?"

"அடுத்த வருஷம் நான் இருக்க மாட்டேன். மூணு மாசம், மிஞ்சினா நாலுன்னு டாக்டர் சொல்லிட்டார். சுகர் டெஸ்ட்டுன்னு சொல்லிட்டு நான் மட்டும்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வர்றேன். இவருக்கு எதுவும் தெரியாது."

பஞ்சுவின் கையில் டேப் அப்படியே நின்றது.

"பொண்ணு வீட்டுக்கு பஸ்ல பத்து மணி நேரம். நான் இல்லேன்னா இவர் போகவே மாட்டார், வீட்டுக்குள்ளயே முடங்கிடுவார். சாய ஒரு தோள் இருந்தா எப்படியாவது போயிடுவார். இவர்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க தம்பி. இருக்கிற நாள்ல இவர் சிரிச்சுக்கிட்டு இருக்கறதை நான் பார்க்கணும்."

பஞ்சு தலையை மட்டும் ஆட்டினார். தோளை அளந்தபோது துணிக்கு அடியில் எலும்பு முட்டியது.

"இப்ப இருக்கிற அளவை வைக்காதீங்க" என்றாள் அவள். "போன வருஷம் சதை இருந்துச்சு. அவருக்குப் பழக்கமானது அந்தத் தோள்தான்."

பஞ்சு அளவைத் திருத்தி எழுதிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் வாத்தியாரின் கழுத்திலும் விரல் வைத்துப் பார்த்தார். தூங்குகிறவர் கழுத்து குழைந்து கொடுக்கும், இது விறைத்துப் போயிருந்தது. வயதான உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

முதலில் தைத்தது அமுங்கிப் போனது. இரண்டாவது கல்லாக இருந்தது. மூன்றாவதில்தான் சரியாக வந்தது. பின்பக்கம் மெல்லிசு, தாடைக்கு அடியில் ஒரு சின்னத் தாங்கல், இடது பக்கம் கெட்டியான ஃபோமின் மேல் பஞ்சு சுற்றி, போன வருஷத்துத் தோள்.

பத்து நாள் கழித்து இருவரும் வந்தார்கள். அம்மாள் வாசலிலேயே நின்று மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். வாத்தியார் மட்டும் உள்ளே வந்து, பஸ் சீட்டில் உட்கார்ந்து, தலையணையைக் கழுத்தில் மாட்டி இடது பக்கம் சாய்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"எப்படி சார் இருக்கு?"

"அப்படியே அவதான்." கன்னத்தை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டார். "இதே மாதிரி இன்னொண்ணு வேணும் தம்பி. என் தோள் அளவுல, அவளுக்கு."

"அம்மாவுக்கா?"

"இத்தனை வருஷத்துல அவ ஒரு தடவைகூட பஸ்ல சாஞ்சதில்ல. நான் முழிச்சுடுவேன்னு ராத்திரி பூரா நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பா. என் தோள்ல சாயச் சொன்னா கேக்க மாட்டா. தலையணைன்னா சாய்வா."

பஞ்சுவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த மனுஷனுக்கு ஒன்றும் தெரியாதே என்று நினைத்துக்கொண்டார். நாளைக்கே தைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் கை பரபரத்தது. ஆனால் அவசரப்பட்டால் ஏன் என்று கேட்பார், அந்த அம்மாளுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும்.

"கையில வேலை நிறைய இருக்கு சார். பத்து நாள் ஆகும்" என்றார், சாதாரணமாகப் பேசுவதுபோல. "அவசரம் ஒண்ணும் இல்லையே?"

வாசலில் அந்த அம்மாள் போனில் எதற்கோ சத்தமாகச் சிரித்தாள். வாத்தியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நான் தூங்கலை தம்பி."